தொலைவில் வரையும் கை

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், கம்பம் பள்ளத்தாக்கின் ஓரத்தில் அமைந்த ஊர் தேவாரம். அவ்வூரில் ஒரு வீட்டு வாயிலில் நாளை விடியற்காலையில் ஒரு புதுக்கோலம் இட வேண்டும். அக்கோலத்தை அறிந்த அத்தையோ சின்னமனூரில் இருக்கிறார். இருவரையும் இணைப்பது தொலைபேசி ஒன்றே. ஒலியை மட்டுமே சுமக்கும் கம்பியின் வழியே ஒரு கோலம் எங்ஙனம் செல்லும்?

செல்லும். "ஊடுபுள்ளி வைத்துக்கொள், அம்மா. நடுவரிசையில் ஏழு, இருபுறமும் குறைத்துக்கொண்டே போய் நான்கில் நிறுத்து" என்கிறார் அத்தை. தேவாரத்தில் தரைமீது 37 புள்ளிகள் அமைந்துவிடுகின்றன. பிறகு, எந்தப் புள்ளியில் தொடங்கி எதனைச் சுற்றி எங்கே முடிக்க வேண்டும் என்று ஒவ்வோர் இழையாகச் சொல்கிறார். மருமகள் இழுக்கிறாள். சில நிமிடங்களில் கோலம் முழுமை பெறுகிறது. தரையில் விழுந்த ஒவ்வொரு துளி மாவின் இருப்பிடத்தையும் அத்தை சொல்லியிருப்பாராயின், பொழுது விடிந்து நண்பகலும் ஆகியிருக்கும். அவர் அனுப்பியது படம் அன்று; படம் வரையும் முறை. கோலத்தின் அறிவு சின்னமனூரில் இருந்தது. அதனை இட்ட கை தேவாரத்தில் இருந்தது.

தொலைவில் உள்ள ஒரு பெரிய கணிப்பொறியில் இயங்கும் வரைகலை நிரலை, மெல்லிய கம்பி ஒன்றின் வழியாக நம் வீட்டுத் திரையில் காணும் கலையும் இத்தகையதே. வரைகலை நிரல் என்பது எழுத்துகளை மட்டும் காட்டாமல், பலகணிகளையும் கோடுகளையும் படங்களையும் திரையில் தீட்டும் நிரலாகும். ஆற்றல் மிக்க பொறிகள் விலை மிக்கவை. அவை பெருநகரங்களின் கல்லூரிகளிலும் ஆய்வுக்கூடங்களிலும் இருப்பது வழக்கம். மலைகள் சூழ்ந்த பள்ளத்தாக்கில் வாழும் ஒருவன் அவற்றின் பயனைப் பெற வேண்டுமாயின், பொறியை இங்குக் கொண்டுவர இயலாது. அதன் திரையையேனும் இங்குக் கொண்டுவர வேண்டும். அது கைகூடினால், தேவாரத்தில் உள்ள ஓர் எளிய பொறி மதுரையிலோ சென்னையிலோ உள்ள பெரும்பொறியின் முகமாக மாறிவிடும். கைகூடாவிட்டால், படிக்கும் ஆர்வம் உள்ளவன் பேருந்து ஏறி நகருக்குச் செல்வதன்றி வேறு வழி இல்லை.

கம்பி எவ்வளவு மெல்லியது என்பதைக் கணக்கிட்டுப் பார்ப்போம். கணிப்பொறி அறிந்தவை ஒன்றும் சுழியுமே. அவற்றுள் ஒன்றைப் பிட் என்பர். எட்டுப் பிட்டுகள் சேர்ந்தது ஒரு பைட். பொறிக்கு உள்ளே பல பிட்டுகள் பல கம்பிகளில் ஒருங்கே ஓடும். தொலைபேசிக் கம்பியிலோ அவை மலைப்பாதையில் வண்டிகள் செல்வதுபோல ஒன்றன்பின் ஒன்றாகவே செல்ல வேண்டும். இதற்கு வரிசைத் தொடர்பு என்று பெயர். பிட்டுகளை ஒலியாக மாற்றிக் கம்பியில் விடுவதும், வந்த ஒலியை மீண்டும் பிட்டுகளாக்குவதும் மோடம் என்னும் கருவியின் வேலை. ஒரு பைட் தொடங்குவதையும் முடிவதையும் உணர்த்த இரண்டு பிட்டுகள் மிகையாக வேண்டும். ஆகவே கம்பியில் ஒரு பைட் என்பது பத்துப் பிட்டுகளாகும். விநாடிக்கு 9,600 பிட் வேகம் உடைய மோடம் விநாடிக்கு 960 பைட்டுகளை அனுப்பும்.

இனித் திரையைப் பாருங்கள். கிடையாக 1,024 புள்ளிகளும் நெடுக்காக 768 புள்ளிகளும் கொண்ட திரையில் மொத்தம் 7,86,432 புள்ளிகள் உள்ளன. ஒவ்வொரு புள்ளியின் நிறத்தையும் சொல்ல ஒரு பைட் போதும் என்றே வைத்துக்கொண்டாலும், முழுத்திரையையும் அந்த மோடத்தின் வழியே அனுப்ப ஏறத்தாழ 13 நிமிடம் 40 விநாடி ஆகும். நீங்கள் ஒரு பொத்தானை அழுத்தி, அதன் விளைவைக் காண்பதற்குள் அடுப்பில் ஏற்றிய அரிசி வெந்துவிடும். மூன்று மடங்கு விரைவான மோடம் கிடைத்தாலும் நான்கரை நிமிடம் காத்திருக்க வேண்டும். படத்தையே அனுப்பும் முறை இங்கே பயன்படாது என்பது வெளிப்படை.

1984-ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டின் மாசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ராபர்ட் ஷைஃப்ளர், ஜிம் கெட்டிஸ் முதலிய அறிஞர்கள் எக்ஸ் என்னும் ஒற்றை எழுத்தைப் பெயராகக் கொண்ட பலகணி அமைப்பை உருவாக்கத் தொடங்கினர். 1987-ஆம் ஆண்டில் அதன் பதினோராம் பதிப்பு வெளிவந்தது. அதன் வழிவந்ததே இன்றும் பயன்பாட்டில் உள்ளது. இவ்வமைப்பில் தொலைப்பொறியின் நிரல் புள்ளிகளை அனுப்புவதில்லை. அத்தையைப் போலக் கட்டளைகளை அனுப்புகிறது. இந்த இடத்திலிருந்து அந்த இடம் வரை ஒரு கோடு இழு என்று சொல்ல 20 பைட்டுகள் போதும். நாம் கண்ட மெல்லிய கம்பியிலும் ஒரு விநாடிக்குள் அத்தகைய கட்டளைகள் 48 சென்றுவிடும். கோட்டைத் தொடர்ந்து நீட்ட வேண்டுமாயின், அடுத்த ஒவ்வொரு முனைக்கும் நான்கு பைட்டுகளே மிகும்.

இவ்வமைப்பின் பெயர் வழக்கு முதலில் நம்மைத் திகைக்க வைக்கும். தொலைவில் உள்ள பெரும்பொறியைப் பணி ஆற்றுவது என்றும், நம் முன்னால் உள்ள சிறுபொறியைப் பணி பெறுவது என்றும் சொல்லவே நமக்குத் தோன்றும். எக்ஸ் அமைப்பினரோ இதனைத் தலைகீழாகச் சொன்னார்கள். வரைதல் என்னும் பணியைச் செய்வது நம் திரை. ஆகவே அதுவே பணியாளன். 'எனக்காக இதனை வரைந்து கொடு' என்று வேண்டுவது தொலைவில் உள்ள நிரல். ஆகவே அது வாடிக்கையாளன். சற்றே எண்ணிப் பார்த்தால் இதுவே முறையான வழக்கு என்பது விளங்கும்.

எழுத்துகளின் செய்தி இன்னும் சுவையானது. நம் நாட்டில் தந்தி வழங்கிய காலத்தில் வாழ்த்துத் தந்திக்கு ஒரு தனி ஏற்பாடு இருந்தது. திருமணம், பொங்கல், தீபாவளி முதலியவற்றுக்கு உரிய வாழ்த்துத் தொடர்கள் ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் உண்டு. அனுப்புபவர் எண்ணைக் குறித்துக் கொடுத்தால் போதும். கம்பியில் எண் மட்டுமே செல்லும். சேரும் ஊரின் அலுவலகத்தில் உள்ள பட்டியலைப் பார்த்து முழுத் தொடரையும் எழுதிக் கொடுப்பார்கள். 2013-ஆம் ஆண்டு சூலை மாதத்தில் தந்திச் சேவை முடிவுற்றது. அதனோடு அவ்வேற்பாடும் மறைந்தது. எக்ஸ் அமைப்பிலும் எழுத்து வடிவங்கள் திரையின் பக்கத்திலேயே இருப்பு வைக்கப்பட்டிருந்தன. நிரல் எழுத்தின் எண்ணை அனுப்பும். திரை அதன் வடிவத்தைத் தீட்டிக்கொள்ளும்.

இதில் நமக்கு ஓர் இடர் இருந்தது. பட்டியலில் இல்லாத வாழ்த்தை எண்ணால் அனுப்ப இயலாதன்றோ? திரையின் பக்கத்தில் இருப்பு வைக்கப்பட்டவை பெரும்பாலும் உரோமன் எழுத்துகளே. தமிழ் வடிவங்கள் அங்கே இல்லையாயின், ஒவ்வொரு தமிழ்ச் சொல்லையும் படமாகவே அனுப்ப வேண்டியதாயிற்று. 2000-ஆம் ஆண்டை ஒட்டி, கீத் பேக்கர்டு என்பவர் அமைத்த ஒரு விரிவாக்கம் இதற்கு வழி செய்தது. அதன்படி, எழுத்து வடிவத்தை நிரலே ஒருமுறை திரைக்குக் கற்பித்துவிடுகிறது. அதன்பின் எண் மட்டும் செல்கிறது. தமிழ் எழுத்துகள் 247 எனினும், கால், கொம்பு முதலிய உறுப்புகள் திரும்பத் திரும்ப வருவதால் கற்பிக்க வேண்டிய வடிவங்கள் அவ்வளவு இல்லை. நம் எழுத்து முறையின் சிக்கனம் இங்கே கைகொடுக்கிறது.

நம் நாட்டில் 1986-ஆம் ஆண்டில் தொடங்கிய எர்நெட் என்னும் கல்வி வலையமைப்பில் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகமும் ஓர் உறுப்பாக இருந்தது. பொதுமக்களுக்கோ 1995-ஆம் ஆண்டு ஆகஸ்டு 15-ஆம் நாள்தான் விதேஷ் சஞ்சார் நிகம் என்னும் அரசு நிறுவனம் இணையத்தைத் திறந்துவிட்டது. அக்காலத்தில் மாணவர்களுக்கு என்று குறைந்த கட்டணத்தில் ஒரு வகைக் கணக்கு வழங்கப்பட்டது. அதில் எழுத்துகள் மட்டுமே வரும், படங்கள் வாரா. படங்கள் வரும் கணக்கின் கட்டணமோ மாணவர் கைக்கு எட்டாதது. இந்த வேலியைத் தாண்ட உதவியது ஸ்லர்ப் என்னும் ஒரு சிறு நிரல். அதனைத் தொலைப்பொறியில் இயக்கிவிட்டால், எழுத்துக்காக அமைந்த கம்பியே இணையத்தின் முழுக்கம்பியாக நடிக்கத் தொடங்கும். அதன் வழியே படங்களும் வந்து சேரும். கட்டண விதியின் கண்ணுக்கு இது குறும்பாகத் தோன்றினும், வலையமைப்பின் உள்ளியல்பை இதைவிடத் தெளிவாக உணர்த்திய பாடம் வேறில்லை எனலாம்.

மெல்லிய கம்பியில் வேறொரு வீண்செலவும் உண்டு. இணையத்தில் செல்லும் ஒவ்வொரு பொதியின் மேலும் அனுப்புநர் முகவரி, பெறுநர் முகவரி, வரிசை எண் முதலியவை எழுதப்பட வேண்டும். இத்தலைப்பு 40 பைட்டுகள் கொள்ளும். நீங்கள் விசைப்பலகையில் ஓர் எழுத்தைத் தட்டினால், அந்த ஒரு பைட்டைச் சுமக்க 40 பைட் உறை! ஒரு மிளகை அனுப்ப ஒரு கோணிப்பை தைப்பது போன்றது இது. வான் ஜேக்கப்சன் என்னும் அறிஞர் இதனை ஆராய்ந்தார். ஒரே இருவருக்கிடையே பொதிகள் தொடர்ந்து செல்லும்போது, தலைப்பின் பெரும்பகுதி மாறுவதே இல்லை என்பதை அவர் பயன்படுத்திக்கொண்டார். மாறியதை மட்டும் எழுதினால் 3 முதல் 5 பைட்டுகளில் தலைப்பு அடங்கிவிடும் என்று 1990-ஆம் ஆண்டில் வெளியிட்டார். வரிசைத் தொடர்புக்கென்றே பிறந்த முறை அது.

இதுவரை கூறியவை எல்லாம் கம்பியின் குறுகலைப் பற்றியவை. குறுகலைவிடக் கொடிய பகை ஒன்று உண்டு. அது காத்திருத்தல்.

மீண்டும் கோலத்தை நினைத்துக்கொள்ளுங்கள். மருமகள் ஒவ்வோர் இழை இழுத்ததும், "சரிதானா, அத்தை?" என்று கேட்டு, விடை வந்த பிறகே அடுத்த இழையைத் தொடுவாள் என்று கொள்வோம். விடை உடனே வந்தால் கேடில்லை. ஆனால் அவர்களுடைய பேச்சு விண்ணில் நிற்கும் செயற்கைக்கோள் வழியாகச் செல்வதாயின் என்ன ஆகும்? நிலநடுக்கோட்டின் மேல் ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்தில் அக்கோள் நிற்கிறது. வினா மேலேறி இறங்கவும், விடை மேலேறி இறங்கவும் ஒளியின் வேகத்திலேயே அரை விநாடிக்குச் சற்றுக் குறைவாகும். நூறு முறை கேட்டால் ஏறத்தாழ 48 விநாடி வீணாகிவிடும். இத்தனைக்கும் அவ்வினாக்கள் ஒவ்வொன்றும் சில பைட்டுகளே. கம்பியை எவ்வளவு அகலமாக்கினாலும் இந்த 48 விநாடி குறையாது. ஒளியை விரட்ட யாராலும் முடியாது.

வரைகலை நிரல்கள் தொடங்கும்போது இத்தகைய வினாக்களைப் பலவாகக் கேட்கின்றன. திரையின் அகலம் என்ன? இந்தப் பெயருக்கு உரிய எண் யாது? இவ்வெழுத்துருவம் உண்டா? நிரலும் திரையும் ஒரே பொறியில் இருக்கும்போது விடை கண்ணிமைக்கும் முன் வந்துவிடுவதால், நிரலை எழுதியவர் இதனைப் பொருட்படுத்தவில்லை. கம்பி நீண்டதும் குற்றம் வெளிப்பட்டது. 1990-களில் எக்ஸ் அமைப்பை மெல்லிய கம்பிக்கு ஏற்பச் சுருக்க ஒரு தனி ஏற்பாடு செய்தார்கள். கட்டளைகளை இறுக்கிச் சுருக்குவதில் பெரும் உழைப்புச் செலவாயிற்று. 2003-ஆம் ஆண்டில் பேக்கர்டும் கெட்டிஸும் அளந்து பார்த்தபோது, எல்லாவற்றுக்கும் பொதுவான சாதாரணச் சுருக்க முறையே அதற்கு ஈடாக நின்றது. நிரல்களைத் தாமதப்படுத்தியது பெரும்பாலும் வினாவுக்கு விடை வரும்வரை காத்திருந்த நேரமே என்று கண்டார்கள். தாம் சார்ந்த அமைப்பின் குறையைத் தாமே அளந்து எழுதிய அவர்களுடைய நேர்மை பாராட்டத்தக்கது. ஏறத்தாழ அதே காலத்தில் இத்தாலி நாட்டின் நோமெஷின் நிறுவனம் வேறொரு வழி கண்டது. கம்பியின் இரு முனைகளிலும் ஒவ்வொரு முகவனை நிறுத்தியது. வினாக்கள் பலவற்றுக்கு அருகில் உள்ள முகவனே விடை சொல்லிவிடுவான்; முன்பு சென்ற படங்களையும் நினைவில் வைத்துக்கொள்வான். அதன்பின் தொலைபேசி மோடத்திலும் வரைகலை நிரல்கள் ஒருவாறு இயங்கின.

எல்லாப் படங்களையும் கோலம்போலக் கட்டளையாக்க இயலுமா? இயலாது. ஒரு மனிதனின் கண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். வெண்படலத்தில் பரவிய சிவப்பையும், பாவையில் படர்ந்த புரையையும் 'இங்கே ஒரு கோடு, அங்கே ஒரு வட்டம்' என்று சொல்லிவிட முடியாது. மருத்துவர் அதனைக் காண வேண்டும். இந்தச் சிக்கல் நம் பள்ளத்தாக்கிலேயே எழுந்தது.

மதுரையில் 1976-ஆம் ஆண்டில் மருத்துவர் கோ. வேங்கடசாமி பதினொரு படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையின் கிளை தேனியில் இருக்கிறது. கண்ணில் சிறு உறுத்தல் என்றாலும், சிற்றூரில் வாழும் ஓர் உழவர் ஒருநாள் கூலியை இழந்து, பேருந்துக் கட்டணமும் கொடுத்து நகருக்கு வர வேண்டியிருந்தது; பலர் வராமலே இருந்துவிட்டனர். 2000-களின் தொடக்கத்தில் மேலூர் வட்டாரத்துச் சிற்றூர்களில் இணைய மையங்கள் தோன்றின. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தார் உருவாக்கிய கார்டெக்ட் என்னும் கம்பியில்லா இணைப்பு, விநாடிக்கு 35,000 அல்லது 70,000 பிட் வேகம் தந்தது. கண்ணின் நிழற்படத்தை எடுத்து அதன் வழியே மதுரைக்கு அனுப்பினர். அசையாத படத்துக்கு அக்கம்பி போதும். மருத்துவரும் நோயாளியும் முகம் பார்த்துப் பேச வேண்டுமென்றால்? 320-க்கு 240 என்ற சிறிய படம், விநாடிக்கு 15 முறை, முழு நிறத்தோடு, சுருக்காமல் செல்ல விநாடிக்கு 2 கோடியே 76 லட்சம் பிட்டுகள் வேண்டும். நாம் தொடக்கத்தில் கண்ட மோடத்தைப்போல இது 2,880 மடங்கு. சுருக்கினால் பல மடங்கு குறையும். அப்போதும் அகலமான வழி ஒன்று வேண்டும்.

கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் எரிக் புரூவர் என்னும் பேராசிரியரின் குழுவினர் அவ்வழியை அமைக்க முன்வந்தனர். வீட்டிலும் கடையிலும் பயன்படும் மலிவான வைஃபை கருவிகளை உயர்ந்த கோபுரங்களில் ஏற்றி, ஒன்றையொன்று நேர்நோக்கும் அலைவாங்கிகளைப் பொருத்தினர். 2006-ஆம் ஆண்டளவில் ஆண்டிபட்டி, போடிநாயக்கனூர், சின்னமனூர், பெரியகுளம், தேனியை அடுத்த அம்பாசமுத்திரம் ஆகிய ஐந்து இடங்களின் கண் மையங்கள் தேனி மருத்துவமனையோடு இணைந்தன. மையத்தில் பயிற்சி பெற்ற பணியாளர் நோயாளியின் கண்ணைச் சோதிப்பார். தேனியில் உள்ள மருத்துவர் திரையின் வழியே நோயாளியோடு பேசி, மருந்தா, கண்ணாடியா, மருத்துவமனைக்கு வர வேண்டுமா என்று முடிவு சொல்வார்.

வைஃபை கருவி சில நூறு மீட்டர் தொலைவுக்கென்று செய்யப்பட்டது. அது ஒவ்வொரு பொதியை அனுப்பியதும், வந்தது என்ற விடைக்காகக் காத்து நிற்கும். விடை குறித்த நேரத்துக்குள் வாராவிடில், பொதி தொலைந்தது என்று எண்ணி மீண்டும் அனுப்பும். தேனியிலிருந்து போடிநாயக்கனூருக்கு ஏறத்தாழ 15 கிலோமீட்டர். ஒளி சென்று திரும்ப ஒரு விநாடியில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு ஆகும். நமக்கு அது ஒன்றுமில்லை; கருவிக்கோ அது நெடுங்காலம். பொறுமையிழந்து அனுப்பியதையே அனுப்பிக்கொண்டிருக்கும். அன்றிப் பொறுமையாகக் காத்திருந்தால் வழி வெறுமையாகக் கிடக்கும். பெர்க்லி குழுவினர் அதன் நிரலை மாற்றி அமைத்தனர். பொதிகளைக் கூட்டமாக அனுப்பிவிட்டு, அக்கூட்டத்துக்கு ஒரே விடையைப் பெறச் செய்தனர். இரு முனைகளும் ஒரே நேரத்தில் பேசி மோதாதபடி முறை வைத்தனர். 2007-ஆம் ஆண்டில் வெளிவந்த அவர்களுடைய ஆய்வுரை இதனை விரித்துரைக்கிறது. ஒவ்வோர் இழைக்கும் "சரிதானா?" என்று கேட்காமல், ஒரு வரிசை முழுதும் இழுத்துவிட்டு ஒருமுறை கேட்டுக்கொள்ளும் பெண்ணின் முறையே இது.

கோபுரத்தின் மேல் வைத்த பெட்டிகளைப் பேணுவதும் எளிதாக இல்லை. சிற்றூரின் மின்னழுத்தம் தாறுமாறாக ஏறி இறங்கியதால் கருவிகள் அடிக்கடி பழுதுற்றன. அவற்றை அமைத்தவர்களுள் பலர் இருந்ததோ கடல்களுக்கு அப்பால். வெளியிலிருந்து அப்பெட்டிகளை நேரே அழைக்கவும் வலையமைப்பு இடம் தரவில்லை. ஆகவே பெட்டியே சில மணி நேரத்துக்கு ஒருமுறை அமெரிக்காவில் உள்ள பொறி ஒன்றை அழைத்துத் தன் நலத்தைத் தெரிவிக்குமாறு செய்தனர். வேண்டும்போது, அது திறந்துவைத்த அவ்வழியிலேயே பொறியாளர் உள்ளே புகுந்து பார்ப்பார். அப்போது அவர் வரைகலையைத் தேடுவதில்லை. விசைப்பலகையில் ஒரு கட்டளையைத் தட்டுவார். போடிநாயக்கனூர்க் கோபுரத்தின் அலைவலிமை ஓர் எண்ணாக அவர் திரையில் வந்து நிற்கும்.